ஆயர் ஆடம் குலேன் கில்மோரனில் தங்கிய நான்கு நாட்கள்

கில்மோரன் மறைமாவட்டத்துக்கு ஆடம் குலேன் ஆயராக இருந்தது ஏழு ஆண்டுகள். அந்த ஏழு ஆண்டுகளில் அவர் கில்மோரனில் தங்கியது நான்கு நாட்கள். அதில் மூன்று நாள் மழை பெய்ததால் ஆண்டகை வெளியே வரவில்லை. இதை யாரும் குறையாக எடுத்துக்கொள்ளக் கூடாது. அந்தக் காலத்து ஸ்காட்லாந்தில் நான்கு நாள் என்பது தாராளம்.

அவர் குலேன் பிரபுவின் நாலாவது மகன். மூத்தவனுக்கு நிலத்தைக் கொடுத்தார்கள். இரண்டாமவனுக்குக் குதிரையும் வாளும் கிடைத்தன. மூன்றாமவனுக்கு ஒரு பணக்கார விதவையைப் பார்த்து முடித்தார்கள். நாலாமவனுக்குக் கொடுக்க வீட்டில் ஒன்றும் மிஞ்சவில்லை என்பதால் அவனைக் கடவுளுக்குக் கொடுத்துவிட்டார்கள். பதினான்கு வயதில் ஆடம் பால்னாக் பங்கின் தலைமைக் குருவானார். அப்போது அவர் குருப்பட்டம் வாங்கியிருக்கவில்லை. பால்னாக் எந்தப் பக்கம் இருக்கிறது என்றும் தெரியாது. ஆனால் பால்னாக்கில் விளைந்த தானியத்தில் பத்தில் ஒரு பங்குக்கு அவர் இருக்கிற இடம் நன்றாகத் தெரிந்திருந்தது. ஆண்டு தவறாமல் போய்ச் சேர்ந்தது. பூசை வைக்க, மந்திரிக்க, சாவுக்கு ஓட தாமஸ் என்ற ஏழைக் குருவை அரைவயிற்றுக் கூலிக்கு அமர்த்தியிருந்தார்கள்.

பிறகு ஆடம் பாரிசுக்குப் போய்த் திருச்சபைச் சட்டம் படித்தார். திரும்பி வந்து மன்னரின் வேட்டைப் பருந்துகளைக் கவனித்துக்கொண்டார். டென்மார்க்குக்குத் தூது போனார். எதற்காகப் போனார் என்பது அவர் திரும்பி வருவதற்குள் எல்லோருக்கும் மறந்துபோயிருந்தது, அவருக்கும்தான். இருபத்தெட்டு வயதில் கில்மோரனின் தலைமைத் தியாக்கோன், அதாவது ஆயருக்கு அடுத்த அதிகாரி, ஆனார். அந்த நேரத்தில்தான் படகோட்டி நினியனுக்கு அவருடைய பெயர் முதன்முதலாகக் காதில் விழுந்தது.

பால்னாக் துறையில் கழிமுகம் ஒரு மைல் அகலம். இந்தக் கரையில் ஊர். அந்தக் கரையில் பேராலயமும் ஆயர் மாளிகையும் திருச்சபை நீதிமன்றமும். நடுவே நினியனின் படகு ஒன்றுதான். படகு வேண்டாமென்றால் சதுப்பைச் சுற்றி நாற்பது மைல் நடக்க வேண்டும். நினியன் நல்ல தோள்பலம் உள்ளவன். யார் எதைச் சொன்னாலும் நம்புவான். அது ஒன்றுதான் அவனிடம் இருந்த குறை.

அவன் செய்த குற்றம் இது. ஒரு தை மாதம் இடுப்பளவு பனி. அதற்கு மூன்று மாதம் முன்புதான் ஊரில் எல்ஸ்பெத் என்ற பெண்ணின் புருஷன் ஹெர்ரிங் மீன் பிடிக்கப் போய்க் கடலோடு போயிருந்தான். அந்தப் பனியில் அவளுக்குப் பெண் குழந்தை பிறந்தது. பிறந்தபோதே நீலம் பாரித்திருந்தது. ஞானஸ்நானம் கொடுத்துவிட வேண்டும் என்று தாமஸ் சாமி பதறினார். ஞானத்தகப்பனாக வரவேண்டியவன் பக்கத்து ஊரில் பனியில் மாட்டிக்கொண்டான். கோயில் வாசலில் மண்வெட்டியால் பனி வாரிக்கொண்டிருந்த நினியனைச் சாமி உள்ளே இழுத்தார். நினியன் கையைத் துடைத்துக்கொண்டு குழந்தையை ஞானஸ்நானத் தொட்டிக்கு மேல் ஏந்தினான். மூன்றாம் நாள் அது செத்துப்போயிற்று. மண் இறுகிக் கிடந்ததால் குழியையும் அவனே வெட்டினான்.

மூன்று ஆண்டுகள் போயின. நினியனும் எல்ஸ்பெத்தும் கல்யாணம் செய்துகொள்ள முடிவு பண்ணினார்கள். தடை இருந்தால் சொல்லுங்கள் என்று கோயிலில் இரண்டு ஞாயிறு கல்யாண ஓலை வாசித்தாயிற்று. மூன்றாம் ஞாயிறு, கோயில் மணியடிக்கிற மணிக்காரக் கிப் எழுந்து நின்றான். நாலு பேர் கவனிக்க ஏதாவது பேசவேண்டும் என்று நாற்பது வருஷமாகக் காத்திருந்தவன் அவன்.

"சாமி, இவன் அவ குழந்தைக்கு ஞானத்தகப்பன் ஆச்சே!"

குழந்தையை ஏந்தியவனும் அதைப் பெற்றவளும் ஞான உறவினர்; அவர்கள் கூடினால் அண்ணனும் தங்கையும் கூடின பாவம். இது திருச்சபைச் சட்டம். தாமஸ் சாமி ஓலையைச் சுருட்டிக் கைக்குள் வைத்துக்கொண்டார்.

"சாமி, அந்தக் குழந்தைதான் செத்துப்போச்சே" என்றான் நினியன்.

"குழந்தை செத்துப்போச்சு. உறவு சாகாதுடா."

"நான் பாட்டுக்குப் பனி வாரிக்கிட்டு இருந்தேன். நீங்கதானே என்னைக் கூப்பிட்டீங்க?"

"நான் கூப்பிட்டேன், நீ ஏன்டா வந்தே?" என்றார் சாமி. சொன்ன பிறகு அவருக்கே வெட்கமாகிவிட்டது. "சரி, விடு. ஆயர் நினைச்சா விலக்கு குடுக்கலாம். ஒரு தோல் துண்டு, நாலு வரி, ஒரு முத்திரை. அவ்வளவுதான். ஆனா ஆயர் கிழவர் படுத்த படுக்கையா இருக்கார். தலைமைத் தியாக்கோன் ஆடம் குலேன்தான் எல்லாம் பாக்கறாராம். அவருக்கு மனு எழுதித் தர்றேன்."

மனுவை நினியன் நீதிமன்றத்தில் கொடுத்தான். அங்கே நீதிபதி ஹெர்பர்ட். வெள்ளைத் தாடி, கொழுத்த உடம்பு, எந்த ஆயர் வந்தாலும் எந்த ஆயர் போனாலும் அந்த நாற்காலியை விட்டு அசையாதவர். நினியன் வெள்ளிக்கிழமைதோறும் போய்க் கேட்டான். ஐந்தாவது மாதம் ஹெர்பர்ட் மனுவை எடுத்துப் பிரித்தார்.

"யாருக்கு எழுதினது இது?"

"ஆடம் குலேன் ஐயாவுக்கு."

"தலைமைத் தியாக்கோன் ஆடம் குலேன்னு போட்டிருக்கே. அப்படி ஒருத்தர் கிடையாதே. கிழவர் காலமாயிட்டார். பாப்பரசர் ஆடம் குலேனை ஆயரா நியமிச்சுட்டார். இல்லாத ஆளுக்கு மனு எழுதிக்கொண்டு வந்திருக்கியே, உன்னை என்ன பண்றது?"

"ஆள் அதே ஆள்தானே ஐயா?"

"ஆளுக்கா மனு எழுதறோம்? பதவிக்கு எழுதறோம். ஆள் சாப்பிடுவார், தூங்குவார். பதவிதான் உன் மனுவைப் படிக்கும்."

நினியனுக்கு ஒன்றும் புரியவில்லை. ஆனாலும் தலையாட்டிவிட்டு வந்தான்.

இரண்டாவது மனு ஆயருக்கு எழுதப்பட்டது. அதைப் பார்த்ததும் ஹெர்பர்ட்டுக்குச் சிரிப்பு வந்துவிட்டது. "ஆயர் இன்னும் குருப்பட்டமே வாங்கலையேப்பா. பருந்துகளுக்கு நடுவுல அதுக்கெல்லாம் எங்கே நேரம்? வர்ற சனிக்கிழமை எடின்பரோவுல குரு ஆவார், ஞாயித்துக்கிழமை ஆயர் ஆவார். திங்கக்கிழமை வா." திங்கட்கிழமை காலை நினியன் எடின்பரோவுக்கே போய் நின்றான். ஆயர் விடியற்காலையிலேயே ரோமுக்குக் கப்பலேறிவிட்டிருந்தார்.

ரோமில் ஆண்டகைக்கு அவசர வேலை இருந்தது. பாப்பரசர் ஆடம் குலேனை நியமித்த அதே வாரம், கில்மோரன் பேராலயத்துக் குருமார்கள் கூடித் தங்களில் மூத்தவரான வால்ட்டர் மோவட்டை ஆயராகத் தேர்ந்தெடுத்துவிட்டார்கள். வால்ட்டர் பரிசுத்தமான மனுஷர் என்று பெயர். அதாவது, அவர் என்ன செய்கிறார் என்று இன்னும் யாரும் கண்டுபிடிக்கவில்லை. ஆக ஒரு மறைமாவட்டம், இரண்டு ஆயர்கள். வழக்கு ரோமில் நடந்தது. ஆடம் ரோமில் தங்கி வழக்காடினார். வால்ட்டரும் ரோமுக்குப் போய்ப் பக்கத்துத் தெருவில் தங்கி வழக்காடினார். இரண்டு பேரும் ஒரே கடையில் சாப்பிட்டார்கள் என்று சொல்வார்கள்.

மூன்றாவது மனு ரோமுக்குப் போய்ப் பதினாலு மாதம் கழித்துத் திரும்பி வந்தது. ஹெர்பர்ட் அதை இரண்டு விரலால் பிடித்துக்கொண்டு விளக்கினார்.

"ஆயருக்கு அதிகாரம் அவரோட மறைமாவட்டத்துக்குள்ளதான். அவர் இப்போ ரோம்ல இருக்கார். ரோம்ல இருந்துக்கிட்டு உனக்கு விலக்கு குடுத்தா செல்லாது."

"அப்போ அவர் இங்க வந்து குடுக்கட்டுமே ஐயா."

"நல்லாச் சொன்னே போ. அவர் இங்க வந்தார்னா அங்க வால்ட்டர் ஆயராயிடுவார். அப்புறம் இவர் குடுக்கற விலக்கு எப்படிச் செல்லும்? மறைமாவட்டத்தைக் காப்பாத்தறதுக்குத்தான்டா அவர் மறைமாவட்டத்துப் பக்கமே வராம இருக்கார். அந்தத் தியாகத்தை நீங்க யாரும் புரிஞ்சுக்கறதில்லை. ஆயர்னா என்ன, உங்க ஊர்ல வந்து உக்காந்து உங்க மனுவைப் படிக்கறவர்னு நினைப்பு. அப்படி உக்காந்த ஆயர் எவனாவது முன்னுக்கு வந்திருக்கானா?"

அதே ஆண்டு ஆயரின் மூன்றாவது அண்ணன் கட்டியிருந்த பணக்கார விதவை கண்ணை மூடினாள். அண்ணன் தன் சித்தப்பா மகளையே மணந்துகொண்டார். ரோமிலிருந்து அவருக்கு விலக்கு வர நாற்பது நாள் ஆயிற்று. கடலில் காற்று சரியில்லை என்று அதற்கே வருத்தம் தெரிவித்துக் கடிதம் வந்தது.

நாலு வருஷம் இப்படிப் போன பிறகு ஒருநாள் எல்ஸ்பெத் ஒரு சட்டி, ஒரு போர்வை, ஒரு கோழி மூன்றையும் தூக்கிக்கொண்டு படகுத்துறைக் குடிசைக்கு வந்து சேர்ந்தாள்.

"என்ன எல்ஸ்பெத்து இது?" என்றான் நினியன்.

"குடி வந்திருக்கேன். தெரியலை?"

"விலக்கு இன்னும் வரலையே."

"நீ விலக்கையே கட்டிக்கிட்டுக் குடும்பம் நடத்து. நான் இந்த மூலையில இருந்துக்கறேன்" என்று கோழியைக் கீழே விட்டாள். "எனக்கு முப்பத்திரண்டு வயசாச்சு நினியா. அவர் ரோம்ல மாமிசம் தின்னுட்டு எழுந்து வர்றவரைக்கும் நான் பூத்துக் காய்ச்சு உதிர்ந்துடுவேன்."

அடுத்த ஆண்டு அவள் கர்ப்பமானாள். மூன்றாம் மாதம் அது ஊருக்குத் தெரிந்தது. நாலாம் மாதம் ஹெர்பர்ட் நினியனின் படகிலேயே ஏறி வந்து இறங்கினார். பால்னாக் கோயிலில் மணியடித்து, புத்தகத்தை மூடி, எரிகிற மெழுகுவர்த்தியைத் தரையில் எறிந்து, ஆயர் ஆடம் குலேனின் பெயரால் இருவரையும் சபித்தார். படகிலும் கரையிலும், ஏற்றத்திலும் வற்றத்திலும், விழிப்பிலும் தூக்கத்திலும் சாபம். அவர்களோடு உண்கிறவன், அவர்களிடம் வாங்குகிறவன், விற்கிறவன், அவர்கள் படகில் கால் வைக்கிறவன் எவனாக இருந்தாலும் அவனுக்கும் அதே சாபம். வாசித்து முடித்துவிட்டு நினியன் படகைப் பார்த்தார், யோசித்தார், மாட்டுவண்டி பிடித்துச் சதுப்பைச் சுற்றிப் போனார்.

அன்றிலிருந்து படகில் ஒருவரும் ஏறவில்லை. மீனை ஒருவரும் வாங்கவில்லை. சந்தைக்குப் போகிற பெண்கள் நாற்பது மைல் சுற்றி நடந்தார்கள். நடக்கும்போது நினியனையும் ஆயரையும் மாற்றி மாற்றித் திட்டினார்கள். எல்ஸ்பெத் விற்காத மீனையும் ஓட்ஸ் கஞ்சியையும் வைத்தே காலம் தள்ளினாள். தாமஸ் சாமி மட்டும் இருட்டுகிற நேரத்தில் குடிசைப் பக்கமாக வந்து, வேலிக்கு வெளியே நின்று, கோழியிடம் பேசுகிற பாவனையில் பேசுவார்.

"ஏ கோழி, கேட்டுக்கோ. குழந்தை பிறக்கறதுக்குள்ள விலக்கு வந்து கல்யாணம் ஆயிட்டா பிழைச்சது. ஒருநாள் பிந்தினாலும் அது முறைதவறிப் பிறந்த பிள்ளை. ஞான உறவுல பிறந்ததை அப்புறம் கல்யாணம் பண்ணிச் சரிக்கட்ட முடியாது. படகுத்துறை பேராலயத்துக்குச் சொந்தம். குத்தகை அந்தப் பிள்ளைக்கு வராது. தெருவுலதான் நிக்கும்."

நினியனுக்குத் தன்னைச் சபித்ததுகூடப் பெரிதாகப் படவில்லை. பிறக்காத குழந்தையைச் சபிக்கிறார்கள் என்பதுதான் பெரிதாகப் பட்டது. ராத்திரி தூக்கம் போயிற்று.

வைகாசி போய் ஆனி வந்தது. எல்ஸ்பெத்துக்கு மாதம் நிறைந்துவிட்டது. அதற்கு மூன்று மாதம் முன்பே பாப்பரசர், இரண்டு ஆயர்களையும் தினமும் பார்த்துச் சலித்துப்போய், ஓர் ஆணை போட்டிருந்தார்: ஆனியில் வரும் புனித அருளப்பர் திருநாள் நண்பகலுக்குள் யார் கில்மோரன் பேராலயத்து இருக்கையில் உட்காருகிறாரோ அவர் வாதம் முதலில் கேட்கப்படும். ஆறு ஆண்டுகளாக மறைமாவட்டம் எங்கே இருக்கிறது என்று மறந்திருந்த இருவரும் குதிரையை விரட்டிக்கொண்டு வடக்கே வந்தார்கள்.

திருநாளன்று காலை பால்னாக் துறையில் முதலில் வந்து நின்றது ஆடம் குலேன். பன்னிரண்டு குதிரை, முப்பது ஆள், நாலு பருந்து. அவரை வரவேற்க நீதிபதி ஹெர்பர்ட் முந்தின நாளே சுற்றி நடந்து வந்து காத்திருந்தார். ஆயர் அங்கியைத் தூக்கிப் பிடித்துக்கொண்டு படகில் கால் வைக்கப் போனார். நினியன் ஓடிப்போய்க் குறுக்கே நின்றான்.

"ஆண்டகை, ஏறாதீங்க. நான் சபிக்கப்பட்டவன்."

"யாருடா உன்னைச் சபிச்சது?"

"நீங்கதான் ஆண்டகை."

"நானா? நான் உன்னைப் பாத்ததே இல்லையே!"

"பாக்காமலேதான் சபிச்சீங்க."

ஆயர் ஹெர்பர்ட்டைப் பார்த்தார். ஹெர்பர்ட் குனிந்து, உண்மைதான் என்றும், ஆயரே தம் சாபத்துக்குள் கால் வைத்தால் வால்ட்டர் மோவட் அதை வைத்தே ரோமில் இன்னும் ஆறு ஆண்டு வழக்காடுவார் என்றும் காதில் சொன்னார். ஆயர் செயலாளரைக் கூப்பிட்டார். குதிரையின் முதுகில் தோலை விரித்து, சாபத்தை நீக்கி, ஞான உறவுக்கு விலக்கும் கொடுத்து நாலு வரி எழுதி முத்திரை வைத்துவிட்டார்கள். குதிரை மூன்று தடவை வாலை ஆட்டி முடிக்கவில்லை, காரியம் முடிந்துவிட்டது.

நினியன் அதைக் கையில் வாங்கினான். ஆறு வருஷம் கேட்டது இவ்வளவு லேசாக இருக்கும் என்று அவன் நினைத்திருக்கவில்லை.

அதற்குள் வால்ட்டர் மோவட் எட்டுக் குருமாரோடு வந்து சேர்ந்தார். ஆடம் கொடுத்த விலக்கைப் பிடுங்கிப் படித்தார்.

"ஆயர் அல்லாதவன் குடுத்த விலக்கு இது. இந்தத் தோலை வெச்சு மீன் மடிக்கலாம். அப்பனே, நான் தர்றேன் உனக்கு உண்மையான விலக்கு" என்று தம் செயலாளரைக் கூப்பிட்டார். அவரிடமும் முத்திரை இருந்தது. ஆடமின் முத்திரையைவிடப் பெரியது. அடியில், ஆடம் குலேன் என்பவர் கொடுத்த எதுவும் செல்லாது என்று ஒரு வரி. அதைக் கேட்டதும் ஆடம் தம் தோலைத் திரும்ப வாங்கி, வால்ட்டர் மோவட் என்பவர் கொடுத்த எதுவும் செல்லாது என்று சேர்த்துக் கொடுத்தார்.

"நான் முதல்ல வந்தேன்" என்றார் ஆடம்.

"நான் முதல்ல தேர்ந்தெடுக்கப்பட்டேன்" என்றார் வால்ட்டர்.

ஒருவரை ஒருவர் அங்கியைப் பிடித்து இழுத்துக்கொண்டு இருவரும் ஒரே நேரத்தில் படகில் விழுந்தார்கள். எழுந்திருக்க மனமில்லாமல் அப்படியே எதிரெதிரே உட்கார்ந்துவிட்டார்கள். அப்போது எல்ஸ்பெத் குடிசையிலிருந்து வயிற்றைப் பிடித்துக்கொண்டு இறங்கி வந்தாள்.

"வலி கண்டுடுச்சு நினியா. மருத்துவச்சி அந்தக் கரையில இருக்கா."

"இந்தப் பெண்பிள்ளை எதுக்கு இதுல?" என்றார் ஆடம்.

"கொஞ்சம் தள்ளி உக்காருங்க ஆண்டகை. நாங்க ரெண்டு பேர் வர்றோம்" என்று எல்ஸ்பெத் அவர் பக்கத்திலேயே உட்கார்ந்தாள். ஆயர்களை வரவேற்கக் கரைக்கு வந்திருந்த தாமஸ் சாமியும் அவளைத் தாங்கிப் பிடிக்க ஏறினார்.

பாதிக் கழிமுகம் தாண்டியதும் நினியன் மெதுவாகக் கேட்டான். "சாமி, ரெண்டு விலக்கு இருக்கே, இங்கேயே எங்களுக்குக் கல்யாணத்தை முடிச்சுடுங்களேன்."

தாமஸ் சாமி இரண்டையும் படித்தார். "எப்படிடா? இது அதை அடிக்குது, அது இதை அடிக்குது. எது நிஜம்னு ரோம்ல சொல்லணும். நான் கைவெச்சா என் சோறு போயிடும்."

எல்ஸ்பெத் பல்லைக் கடித்து ஒரு வலியைத் தாண்டி வந்தாள். மூச்சு விட்டதும் பேசினாள். "சாமி, இவங்க ரெண்டு பேர்ல ஒருத்தர் நிஜ ஆயர்தானே?"

"ஆமா. ஒருத்தர் நிஜம்தான்."

"எவர் நிஜமோ, அவர் எங்களுக்கு விலக்கு குடுத்திருக்காரா இல்லையா?"

சாமி இரண்டு தோலையும் மறுபடி பார்த்தார். "குடுத்திருக்கார்."

"அப்போ எவரானா எனக்கென்ன? கல்யாணத்துக்குச் சாமி வேணுங்கறதும் இல்லை. 'சாட்சி முன்னால இப்பவே கட்டிக்கிட்டேன்னு வாயால சொல்லித் தொலைச்சுடாதீங்கடா, அது கல்யாணமாயிடும்'னு வருஷா வருஷம் நீங்கதானே கோயில்ல திட்டறீங்க? இந்தா ரெண்டு சாட்சி, தொப்பியோட. நினியா, துடுப்பை விடு. கையைக் குடு."

நினியன் துடுப்பை விட்டான். படகு நீரோட்டத்தில் பக்கவாட்டாக இழுபட்டது. இரண்டு ஆயர்களும் ஒரே குரலில் "துடுப்பு! துடுப்பு!" என்று கத்தினார்கள்.

"எல்ஸ்பெத்து, நான் உன்னை என் பெண்டாட்டியா இப்பவே ஏத்துக்கறேன்" என்றான் நினியன்.

"நான் உன்னை என் புருஷனா இப்பவே ஏத்துக்கறேன். ஆண்டகைகளே, உங்கள்ல யாருக்காவது ஆட்சேபம் இருக்கா?"

ஆட்சேபம் என்று ஆடம் சொன்னால் தாம் கொடுத்த விலக்கு செல்லாது என்று ஒப்புக்கொண்டதாகிவிடும். அதாவது, தாம் ஆயரே இல்லை. வால்ட்டருக்கும் அதே சிக்கல். இருவரும் ஒருவரை ஒருவர் பார்த்துக்கொண்டார்கள். பிறகு எவர் முந்துவது என்று போட்டி போட்டுக்கொண்டு இரண்டு பேரும் கையை உயர்த்தி லத்தீனில் ஆசீர்வாதம் சொன்னார்கள். நினியன் அதற்குப் பிறகுதான் துடுப்பை எடுத்தான்.

கரை தட்டியதும் ஆயர்கள் குதித்து ஓடினார்கள். வால்ட்டர் சேற்றில் விழுந்து எழுந்தார். ஆடம் பேராலயத்துக்குள் புகுந்து இருக்கையில் உட்கார்ந்து மூச்சு வாங்குவதற்குள் வால்ட்டரும் வந்து அதே இருக்கையில் இடுப்பை நுழைத்தார். முன்னோர்கள் அகலமாகத்தான் செய்திருந்தார்கள். பன்னிரண்டு மணி அடித்தபோது மறைமாவட்டத்தின் ஆயர் இருக்கையில் நாலு தொடைகள் இருந்தன. அதே மணிக்கு மருத்துவச்சி வீட்டில் எல்ஸ்பெத்துக்கு ஆண் குழந்தை பிறந்தது. மர்டோ என்று பெயர் வைத்தார்கள். இந்த முறை ஞானத்தகப்பனாக நிற்கக் கிழட்டுக் கிப்பைத்தான் பிடித்தார்கள். அவனை இனி எவளும் கட்டிக்கொள்ள மாட்டாள் என்று ஊரே உறுதி சொன்னது.

ஆடம் நான்கு நாள் இருந்தார். மழை விட்டதும் ரோமுக்குப் போனார். வால்ட்டர் அவருக்கு ஒரு மணி நேரம் முன்னால் கிளம்பிவிட்டார்.

ஓராண்டு கழித்துத் தீர்ப்பு வந்தது. அந்தக் காலத்தில் ஓராண்டு என்பது மின்னல் வேகம். அதை அறிவிக்க நீதிபதி ஹெர்பர்ட் புது அங்கி போட்டுக்கொண்டு, கையில் மணியும் புத்தகமும் மெழுகுவர்த்தியுமாக நினியனின் படகில் ஏறினார். வழியெல்லாம் நல்ல மனநிலையில் இருந்தார். குழந்தை சௌக்கியமா என்றுகூடக் கேட்டார். நினியன் பேச்சுக் கிடைத்த சந்தோஷத்தில் மர்டோவுக்கு நாலு பல் முளைத்ததைச் சொன்னான்.

பால்னாக் கரையில் இறங்கி, ஊரைக் கூட்டி, ஹெர்பர்ட் வாசித்தார். ஆடம் குலேனின் நியமனத்தில் ஒரு தேதி தவறு. வால்ட்டர் மோவட்டின் தேர்தலில் ஒரு குரு தூங்கிவிட்டார். ஆகவே இருவருமே எந்த நாளிலும் கில்மோரனின் ஆயர்களாக இருந்ததில்லை. மறைமாவட்டம் ரோமில் உள்ள ஒரு வயதான கர்தினாலுக்கு வழங்கப்படுகிறது. அவரிடம் ஏற்கனவே ஏழு இருக்கின்றன. வால்ட்டருக்கு ஒரு மடம். ஆடம் குலேனுக்கு ஆறுதலாக, பாலைவனத்தில் சுல்தானுடைய ஆட்சியில் உள்ள ஒரு பழைய மறைமாவட்டம். அங்கே கிறிஸ்தவர் ஒருவரும் இல்லை, கோயில் இல்லை, ஆயர் அங்கே போகவும் வேண்டியதில்லை.

"ஆண்டகை ஆனந்தக் கண்ணீர் விட்டாராம்" என்று ஹெர்பர்ட் சேர்த்துக்கொண்டார். "மனு எழுத ஒருத்தன்கூட இல்லாத மறைமாவட்டம். அப்படி ஒண்ணு கிடைக்கத்தானே நாங்க எல்லாரும் தவம் கிடக்கறோம்."

பிறகு குரலை மாற்றினார். ஆயரல்லாதவர்கள் கொடுத்த விலக்கு விலக்கல்ல. ஆகவே நினியனுக்கும் எல்ஸ்பெத்துக்கும் நடந்தது கல்யாணம் அல்ல. மர்டோ முறைதவறிப் பிறந்த பிள்ளை. ஹெர்பர்ட் மணியை அடித்தார், புத்தகத்தை மூடினார், மெழுகுவர்த்தியை எறிந்தார். படகிலும் கரையிலும், ஏற்றத்திலும் வற்றத்திலும் என்று முழுச் சாபத்தையும் நிதானமாக வாசித்தார். முடித்து, அங்கியைத் தூக்கிக்கொண்டு படகை நோக்கி நடந்தார்.

நினியன் மர்டோவை எல்ஸ்பெத்திடம் கொடுத்துவிட்டு எழுந்தான். "ஐயா, ஏறாதீங்க."

ஹெர்பர்ட்டின் ஒரு கால் தண்ணீருக்கு மேல் அப்படியே நின்றது.

"இப்பத்தானே வாசிச்சீங்க? என் படகுல கால் வைக்கறவனுக்கும் அதே சாபம்னு. ஊரே கேட்டுது."

ஹெர்பர்ட் சுற்றிலும் பார்த்தார். நூறு பேர் நின்றார்கள். மணிக்காரக் கிப் முன் வரிசையில் நின்றான், மறுபடி பேச ஏதாவது வாய்ப்பு வருமா என்று. போன முறை மாட்டுவண்டி கொடுத்தவர்கள் இந்த முறை மாட்டுக்கு உடம்பு சரியில்லை என்றார்கள். மழை தூற ஆரம்பித்தது.

"இந்த ஒரு தடவைக்குச் சாபத்தை நான் நிறுத்தி வைக்கறேன்" என்றார் ஹெர்பர்ட்.

"உங்களால நிறுத்த முடியுமா ஐயா? ஆயராலதான் முடியும்னு ஏழு வருஷமாச் சொன்னீங்களே."

எல்ஸ்பெத் குழந்தையை இடுப்பில் மாற்றிக்கொண்டாள். "சாமி," என்று தாமஸ் சாமியைக் கேட்டாள், "ஆயரே இல்லாதப்ப, இருக்கை காலியாக் கிடக்கறப்ப, விலக்கு குடுக்கற அதிகாரம் யாருக்கு?"

தாமஸ் சாமி தம் செருப்பைப் பார்த்துக்கொண்டு சொன்னார். "நீதிபதிக்கு."

"இவங்க ரெண்டு பேரும் ஆயரே இல்லை, என்னிக்கும் இருந்ததில்லைன்னு இப்பத்தானே வாசிச்சார்? அப்போ கிழவர் செத்த நாள்லேர்ந்து இருக்கை காலிதானே?"

எல்லோரும் ஹெர்பர்ட்டைப் பார்த்தார்கள். ஹெர்பர்ட் தாடியில் விழுந்த தூறலைத் துடைத்தார். பிறகு, சட்டம் தெரிந்தவருக்கே உரிய சாந்தத்தோடு சொன்னார்.

"கொள்கை அளவுல, ஆமா. அதிகாரம் என்கிட்டத்தான் இருந்திருக்கு. ஆனா நீங்க ஆயருக்குத்தானே மனு எழுதினீங்க? எனக்கு யாரும் எழுதலையே. கேக்காததை நானா எப்படிக் குடுக்கறது?"

ஏழு வருஷ வெள்ளிக்கிழமைகள் நினியனுக்கு நினைவுக்கு வந்தன. இந்த ஆளுடைய மேசைக்கு முன்னால் தொப்பியைக் கழற்றிக் கையில் வைத்துக்கொண்டு நின்ற வெள்ளிக்கிழமைகள். அவன் வாழ்க்கையில் யாரையும் வெறுத்ததில்லை. வெறுப்பு இப்படி இருக்குமென்று அன்றைக்குத்தான் தெரிந்துகொண்டான்.

"இப்பக் கேக்கறோம்" என்றாள் எல்ஸ்பெத். "எழுதுங்க. அருளப்பர் திருநாள் அன்னிக்கே குடுத்ததா எழுதுங்க. பிள்ளை பேரைப் போடுங்க."

ஹெர்பர்ட் புத்தகத்தின் பின் தாளைக் கிழித்து, முழங்காலில் வைத்து, எழுதினார். நாலு வரி. கழுத்தில் தொங்கிய முத்திரையை அழுத்தினார். தாமஸ் சாமி வாங்கி ஒருமுறைக்கு இரண்டுமுறை படித்தார். ஒன்றுக்கொன்று அடிக்கிற வரி எதுவும் அதில் இல்லை. சாபம் போயிற்று, கல்யாணம் செல்லும், மர்டோ முறையாகப் பிறந்த பிள்ளை. எல்ஸ்பெத் அந்தத் தாளை மழையில் நனையாமல் ரவிக்கைக்குள் வைத்துக்கொண்டு, அதற்குப் பிறகுதான் அழுதாள்.

ஹெர்பர்ட் அங்கியை மறுபடி தூக்கிப் பிடித்தார். "சரி. இப்போ சாபம் இல்லை. படகை எடு."

நினியன் படகை எடுத்தான். கரைக்கு மேலே இழுத்துக் கொண்டுபோய்க் குடிசைச் சுவரோரம் கவிழ்த்துப் போட்டான்.

"சாபம் இல்லைதான் ஐயா" என்றான். "எனக்கு இஷ்டமில்லை."

சதுப்பைச் சுற்றி நாற்பது மைல். நீதிபதி நடக்கத் தொடங்கினார்.